தர்மேந்திரனின் பூச்சிகள்

தர்மேந்திரன் வளர்த்த பூச்சிகளுக்குக் காலும் இல்லை, இறக்கையும் இல்லை. ஈப்போவுக்குப் பக்கத்தில் மெங்லெம்புவில், அவர் வீட்டு முன்னறையில் இருந்த பழைய கணினியின் திரையில் அவை மஞ்சள் புள்ளிகளாக அலைந்தன. பச்சைப் புள்ளிகள் தீனி. தின்றால் பலம் ஏறும், நகர்ந்தால் குறையும். பலம் நிறையச் சேர்ந்த பூச்சி இரண்டாகப் பிரியும், தீர்ந்துபோனது மறைந்துவிடும். எவ்வளவு தூரம் பார்க்கும், எவ்வளவு வேகமாக ஓடும், இன்னொன்றைக் கண்டால் நெருங்குமா விலகுமா எல்லாம் வெறும் எண்கள். அவை தாயிடமிருந்து குட்டிக்குச் சின்ன மாற்றத்தோடு போகும். எது நல்லது என்று அவர் சொல்லிக்கொடுப்பதில்லை. பிழைத்தது பெருகும், அவ்வளவுதான்.

அவர் படித்தது பள்ளியில் படிவம் ஐந்து வரை. தாப்பாவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா ராமையா அங்கே ஆட்களை மேய்க்கும் மண்டோர். தோட்டம் கைமாறி எண்ணெய்ச் செம்பனை ஆனபோது தர்மேந்திரன் ஈப்போவுக்கு வந்து இரும்பு கடையும் பட்டறையில் சேர்ந்தார். அங்கே கணினியில் ஓடும் கடைசல் இயந்திரம் வந்து இறங்கியதும், கூட வந்த புத்தகத்தை யாரும் தொடவில்லை. அவர்தான் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தார். உளி எங்கே போக வேண்டும், எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்று வரி வரியாக எழுதப் பழகினார். ஒரு வரி தப்பினால் உளி முறியும். அந்தப் பயத்தில் வந்த நிதானம் பிறகு எல்லா வேலையிலும் தங்கிவிட்டது.

கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்து, ஒரு கட்டத்தில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் நீளமாயின. பூச்சிகள் அப்போது வந்தவை.

பட்டறையில் சுகுமார் விடமாட்டான். "மச்சான், உன் பூச்சிக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"ஆவும் லா. உனக்குப் பத்திரிக்கை வைக்காமலா?"

சுகுமாரும் ஒருநாள்கூட வந்து பார்த்ததில்லை.

அவருக்கென்று இருந்தது ஒரே அக்கா, கலாதேவி. சித்தியவானில் இருந்தாள். அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் ஜொகூரில் வேலை. தீபாவளிக்குப் போன் செய்தபோது கேட்டாள்.

"பின்னறை சும்மாதான் கெடக்கு. வந்துரு தம்பி. அடுத்த வருசம் உனக்கு வேலையும் முடியுது. அங்க ஒண்டியா இருந்து என்னா பண்ணப் போற?"

"பாப்போம் அக்கா."

"நீ பாப்போம்னா பாக்கமாட்டேன்னு அர்த்தம்."

அந்தக் கேள்வி மனதிலேயே கிடந்தது. அவருக்குத் தெரிந்த வழியில் அதைச் சோதித்தார். பூச்சிகளின் உலகத்தில் ஒரு விதி சேர்த்தார்: அருகில் ஒரு துணை இருந்தாலே போதும், பசி குறையும். அப்படியானால் அவை கூடி வாழப் பழகும் என்று நினைத்தார். பழகவில்லை. தலைமுறை போகப் போக ஒன்றைக் கண்டால் ஒன்று விலகி ஓடும் பூச்சிகளே மிஞ்சின. தீனியைக் கூட்டினார், குறைத்தார், முதலிலிருந்து ஓட்டினார். ஒவ்வொரு தடவையும் திரை முழுக்கத் தனித்தனிப் புள்ளிகள்.

அது அவருக்கு ஒருவித நிம்மதியாகக்கூட இருந்தது. அக்கா மறுபடி கேட்டபோது சொன்னார்.

"துணைக்குக் கூலி குடுத்தாலும் பூச்சிங்க வெலகித்தான் போவுது அக்கா. நான் சும்மா சொல்லல, திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்தாச்சு. தனியா இருக்கறதுதான் சரி. நான் வரல."

"பூச்சியக் கேட்டியா? என்னையக் கேக்கலயே" என்றாள்.

தைப்பூசம் முடிந்து கண் பரிசோதனைக்கு அவள் ஈப்போ வருவதாக இருந்தது. "அப்படியே வீட்டுக்கு வாரேன். என்னாதான் அந்தப் பூச்சின்னு பாக்குறேன்" என்றாள். முதல்முறையாக ஒருவர் பார்க்க வருகிறார். அவர் முன்னறையைப் பெருக்கினார், இன்னொரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அக்காவுக்குப் புரியும்படி காட்ட, வேறொரு சின்ன உலகம் செய்து, ஓட்டத்திலிருந்து ஒரே ஒரு பூச்சியை எடுத்து அதில் விட்டார். துணை இல்லாவிட்டால் பசி எப்படி ஏறுகிறது என்று முதலில் காட்டலாம்.

பசி ஏறவில்லை. ஓரத்தில் எழுத்து வந்தது: துணை, ஒன்று.

சுற்றிலும் வேறு பூச்சியே இல்லை. திரையில் காட்டுவதில்தான் கோளாறு என்று நினைத்து, எழுதிய வரிகளை மேலிருந்து படித்தார். துணையை எண்ணும் இடத்தில் நின்றார். உலகத்தில் உள்ள ஒவ்வொரு பூச்சிக்கும் தூரத்தை அளந்து, பக்கத்தில் இருப்பதை எண்ணு என்று எழுதியிருந்தார். தன்னை விட்டுவிட்டு எண்ணு என்று எழுதவில்லை. தனக்கும் தனக்கும் தூரம் ஏது? ஒவ்வொரு பூச்சியும் தனக்குத் தானே துணையாகி, கூலி வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. அதற்குமேல் நெருங்கிப் போனால் தீனியில் பங்கு போவதுதான் மிச்சம். விலகாமல் என்ன செய்யும்?

ஒரு வரி சேர்த்தார். முதலிலிருந்து ஓட்டவிட்டார். மத்தியானத்துக்குள் மஞ்சள் புள்ளிகள் கும்பல் கும்பலாகச் சேர ஆரம்பித்தன.

பழைய ஓட்டமும் கணினியில் பத்திரமாக இருந்தது. அதைக் காட்டினால் அக்காவுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை.

அவள் கருப்புக் கண்ணாடியும் கையில் கருவாட்டுப் பொட்டலமுமாக வந்து, துடைத்த நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் திரையை உற்றுப் பார்த்தாள்.

"கண்ணுல மருந்து ஊத்திட்டாங்க தம்பி. மஞ்சளா என்னமோ ஓடுது, ஒண்ணும் தெரியல. நீயே சொல்லு."

அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார். "கும்பலா இருக்கு அக்கா."

"வெலகிப் போவுதுன்னியே?"

"தப்பு என்னுது. பக்கத்துல யாரு இருக்கான்னு எண்ணும்போது தன்னையும் சேத்து எண்ணிருச்சு."

அக்கா சிரித்துவிட்டாள். "நம்ம எஸ்டேட்டுல அப்பா காய்ச்சல்ல படுத்தப்ப ஒரு மண்டோரு வந்தானே! காலையில ஆள் எண்ணுற பெரட்டுல தன்னையும் சேத்து எண்ணிட்டு, ஆள் சரியா இருக்குன்னுட்டான். அன்னைக்கு ஒரு நிரை மரம் பால் வெட்டாமலே நின்னுச்சு. அப்பா எந்திரிச்சு வந்து பண்ண கூத்து இருக்கே!"

அவரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கேட்டார். "அக்கா, அந்தப் பின்னறை..."

அவள் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"தாதி வேலைக்குப் படிக்கிற பிள்ளை ஒண்ணு, தினேஸ்வரின்னு. போன வாரம் அங்க குடி வந்துருச்சு. நீ அவ்ளோ உறுதியா சொன்னியே தம்பி."

"சரி அக்கா."

"படிப்பு முடியிற வரைக்கும் இருன்னு சொல்லிட்டேன். இப்ப போன்னு சொல்ல முடியாது."

"சொல்லாத."

பஸ் நிலையத்தில் ஏறுமுன் அவள் திரும்பினாள். "சனிக்கிழமை வா. மீன் வாங்கி வைக்கிறேன். ஹால்ல படுத்துக்கலாம்."

பாப்போம் என்று வாய்வரை வந்தது. "வாரேன்" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது கணினி ஓடிக்கொண்டுதான் இருந்தது. சின்ன உலகத்தைத் திருத்திய வரியோடு திறந்தார். அந்த ஒற்றைப் பூச்சி அங்கேயே இருந்தது. துணை, சைபர். சுற்றிலும் தீனி கிடந்தும் அதன் பலம் குறைந்துகொண்டே வந்தது. ஓட்டத்தின் நடுவில் கை வைப்பது அவர் வழக்கமில்லை. அன்று வைத்தார். பழைய ஓட்டத்திலிருந்து இன்னொன்றை எடுத்து அதன் பக்கத்திலேயே விட்டார்.

இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன. பார்த்ததும் ஆளுக்கொரு பக்கமாக விலகின. இரண்டும் அந்தப் பழைய ஓட்டத்தில் பிறந்தவை. அவற்றின் எண்ணில் இருந்தது அதுதான்.

அக்கா உட்கார்ந்திருந்த நாற்காலியை அவர் எடுத்து வைக்கவில்லை. சனிக்கிழமை சித்தியவானுக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்காமல் வந்துவிட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.