நாலு மூலையில் மஞ்சள்

வாங்கிய பொருளுக்குக் கம்பெனி தரும் கேஷ்பேக்கை மறுக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் அவ்வப்போது யாராவது என்னைக் கேட்பார்கள். ஒரு காலத்தில் வகுப்பு எடுப்பதுபோல் சொல்லிக்கொண்டிருந்தேன். அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதே. பார்கோடு ஸ்டிக்கரை வெட்டி எடுப்பதற்கு முன்னால் போனில் படம் எடுத்து வை. பில்லில் உள்ள பெயரும் பாங்க் கணக்கில் உள்ள பெயரும் இனிஷியல் உட்பட ஒன்றாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் எடு. கடைசி நாள் வரை காத்திருக்காதே. ஸ்பீட் போஸ்டில் அனுப்பு, ரசீதைப் பத்திரப்படுத்து. கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். இதில் ஒன்றைக்கூட விடாமல் செய்த ஒருவரை எனக்குத் தெரியும் என்றும், அவருடையதையும் தள்ளிவிட்டார்கள் என்றும் நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் என் அப்பா.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு பழைய அடுக்ககத்தின் முதல் மாடியில் நானும் அப்பாவும் இருக்கிறோம். அம்மா போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. அதற்குப் பிறகு அப்பாவுக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. லேசாக என்பது டாக்டரின் வார்த்தை. பேச்சு முழுசாகத் திரும்பி வந்தது, நடை முக்கால்வாசி வந்தது, வலது கை மட்டும் வந்தும் வராமலும் நின்றுவிட்டது. காபி டம்ளரை எடுக்கும். பேனாவைப் பிடித்தால் நடுங்கும்.

அப்பா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் தபால் அனுப்பும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வெளியே போகும் ஒவ்வொரு உறையும் அவர் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். "நான் அனுப்பிச்சு ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லே" என்பதை என் சின்ன வயதிலிருந்து கேட்டுக் காது புளித்திருக்கிறது. கை விழுந்த பிறகு அவர் செய்துகொண்டிருந்த ஒவ்வொன்றும் என் போனுக்குள் போய்விட்டது. கரண்ட் பில், காஸ் புக்கிங், பாங்க், வீட்டு வரி, எல்லாம். நான் கெட்ட எண்ணத்தில் பிடுங்கிக்கொள்ளவில்லை. எனக்கு நேரமில்லை, அவர் செய்தால் நேரமாகும், அவ்வளவுதான். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போட மாட்டார், பார்ப்பார்.

மேற்குப் பார்த்த அறை அவருடையது. சித்திரையில் சுவரைத் தொட்டால் சுடும். ஏசி வாங்கலாம் என்று அவரையும் கூட்டிக்கொண்டு தி. நகருக்குப் போனேன். கடைக்காரப் பையன் வாய் ஓயாமல் பேசினான். விலையில் ஒரு பகுதியைக் கம்பெனியே திருப்பிக் கணக்கில் போட்டுவிடும் என்றான். போன் ஆப்பிலா, லிங்க்கிலா, எதில் விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்டேன்.

"இல்ல மேடம், இந்தக் கம்பெனி மட்டும் பழைய மாதிரி. ஃபார்ம் ஃபில்லப் பண்ணி, பில் வெச்சு, பொட்டியில இருக்கற பார்கோட கட் பண்ணி, தபால்லதான் அனுப்பணும்."

நான் முகம் சுளித்தேன். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"தபாலா? அப்போ இத நான் பாத்துக்கறேன். நீ இதுல தலையிடப்படாது, தெரியறதா?"

அவர் அப்படி அதட்டிப் பேசிக் கேட்டு எத்தனை நாளாயிற்று. சரி என்றேன். அந்தப் பணம் வந்தாலும் வராவிட்டாலும் எங்களுக்குச் சோறு வேகும். ஆனால் இந்த ஒன்றை அவர் தானே செய்து முடித்துவிட்டால் பழைய அப்பாவில் பாதியாவது திரும்பி வருவார் என்று எனக்குத் தோன்றியது. அதனால் அந்தப் பணம் வந்தே தீர வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளாத சாமி மயிலாப்பூரில் கிடையாது.

ஏசி வந்து மாட்டிய அன்றே பழைய பேப்பர்க்காரர் அட்டைப்பெட்டியை மோப்பம் பிடித்து மாடியேறி வந்தார்.

"இன்னா சார், பொட்டி சும்மாதான கீது? எடத்த அடைச்சிக்கினு. குட்த்துடு, எட்துக்கினு போறேன்."

"அத தொட்டே, தெரியும் சேதி!" என்று அப்பா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பெட்டி எங்கள் கூடத்திலேயே நின்றது. நான் அதைச் சுற்றிச் சுற்றி நடந்து காலில் இடித்துக்கொண்டேன்.

படிவத்தை நிரப்ப அவர் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். கட்டத்துக்கு ஓர் எழுத்து, ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில். முதலில் படிவத்தை நாலைந்து ஜெராக்ஸ் எடுத்துவரச் சொன்னார். அதற்கும் முன்னால் கிழித்துப்போட்ட நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிப் பழகினார். எழுத்துகள் மழையில் நனைந்த கோலம்போல் ஓடின. விடவில்லை. காலையில் காபி ஆனதும் உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரம்வரை. நான் எட்டிப் பார்த்தால், பக்கத்துப் பிள்ளை காப்பியடித்துவிடுமோ என்று பயப்படும் மாணவன் மாதிரி இடது கையால் மறைத்துக்கொள்வார். "பள்ளிக்கூடத்துக்கு நாழியாகலே உனக்கு?" என்பார்.

ஒருநாள் மாலை நான் அடையாறில் உள்ள என் பள்ளியிலிருந்து திரும்பி வந்தபோது படிவத்தை என் முன்னால் வைத்தார். ஒவ்வோர் எழுத்தும் அதனதன் கட்டத்துக்குள் நிமிர்ந்து நின்றது. கொஞ்சம் நடுக்கம் தெரிந்தது, ஆனால் படிக்க முடியாத எழுத்து ஒன்றுகூட இல்லை. தினமும் கட்டுக் கட்டாகப் பிள்ளைகள் விடைத்தாளைத் திருத்துகிறவள் சொல்கிறேன், அந்தத் தாளுக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. குளித்துவிட்டுப் படிவத்தைச் சுவாமி முன்னால் வைத்தார். தலைப்பில் சின்னதாக ஒரு பிள்ளையார் சுழி போட்டார். கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து, படிவத்தின் நாலு மூலையிலும் தொட்டு வைத்தார். பில்லுக்கும் வைத்தார். வெட்டி எடுத்த பார்கோடு துண்டுக்கும் வைத்தார். எங்கள் வீட்டை விட்டு நல்ல காரியத்துக்குப் போகும் எந்தக் காகிதமும் மஞ்சள் இல்லாமல் போனதில்லை. என்னுடைய முதல் வேலை விண்ணப்பம் அப்படித்தான் போனது, வேலையும் கிடைத்தது. மஞ்சள் படாமல் போவது துக்கச் செய்திதான். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உங்களுக்கு மட்டும் தோன்றியிருக்குமா?

தபாலாபீஸ் வாசல்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அங்கே கையை உதறிவிட்டு, "நீ இங்கேயே இரு" என்று சொல்லித் தனியாக உள்ளே போனார். வரிசையில் நின்று, கவுன்டரில் பேசி, ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். "கவுன்டர்ல இருக்கற பொண்ணு ஸ்டிக்கர் ஒட்டின ஒட்டு சரியில்லே. நான் சொல்லித் திரும்ப ஒட்ட வெச்சேன்" என்றார். வரும் வழியில் ஓட்டலில் நுழைந்து எனக்கும் சேர்த்துக் காபி சொன்னார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த களையை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

குறுஞ்செய்தி அவர் போனுக்குத்தான் வந்தது. படிவத்தில் அவருடைய எண்ணைத்தானே எழுதியிருந்தார். நான் பள்ளியிலிருந்து வந்தபோது அறை கொதித்தது. ஏசி ஓடவில்லை. ஏன் போடவில்லை என்று கேட்டேன். போனை நீட்டினார். உங்கள் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது, காரணம்: ஆவணங்கள் தெளிவாக இல்லை, திருத்தப்பட்டுள்ளன. ஆங்கிலத்தில் ஒன்றரை வரி.

பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒன்றை அமுக்கு, மூன்றை அமுக்கு என்றது. இந்தியில் ஒரு குரல், ஆங்கிலத்தில் ஒரு குரல். கடைசியில் தமிழ் தெரிந்த ஒரு பெண் வந்தாள். எதையோ திறந்து பார்த்தாள்.

"மேடம், ரைட்டிங்ல எந்தப் பிரச்சினையும் இல்ல. பேப்பர் ஓரத்துல எல்லாம் மஞ்சக் கறைன்னு போட்டிருக்காங்க. பார்கோடு மேல பட்டு ஸ்கேன் ஆகல. அப்புறம் ஃபார்ம் மேல ஏதோ கிறுக்கி வெச்சிருக்குன்னு..."

"அது கிறுக்கலா? பிள்ளையார் சுழிம்மா அது!"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தெரியும் மேடம். எங்க வீட்லயும் போடுவாங்க. ஆனா செக் பண்றவங்க வேற ஊர்ல இருக்காங்க. அவங்களுக்கு இது தெரியாது."

"நீ சொல்லக் கூடாதா?"

"எனக்கு அந்த ஆப்ஷன் இல்ல மேடம்."

வேறு படிவம் அனுப்புகிறேன் என்றேன். ஒரிஜினல் பார்கோடு ஒருமுறைதான், அதையும் திருப்பித் தர மாட்டார்கள் என்றாள். படம் எடுத்து வைத்திருக்கிறேன் என்றேன். படம் செல்லாது, தேதியும் முடிந்துவிட்டது என்றாள். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைத் தெருவில் எறிந்திருப்பேன். சாம்பார் சிந்திய விடைத்தாள், எண்ணெய்க் கறை படிந்த விடைத்தாள், ஒருமுறை கைக்குழந்தையின் கால் தடம் பதிந்த விடைத்தாள், எல்லாவற்றையும் திருத்தி மதிப்பெண் போட்டவள் நான். ஒரு மஞ்சள் பொட்டுக்காக ஒரு மனுஷனை இப்படியா உட்கார வைப்பார்கள்?

ஆனாலும் உள்ளே போகும்போது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. அவர் கையில் குற்றமில்லையே.

"அப்பா, உன் எழுத்து ரொம்ப நன்னாயிருக்காம். மஞ்சள்தான் பிரச்சினையாம். பார்கோடுல பட்டுடுத்தாம்."

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இரக்கம்தான் இருந்தது.

"மஞ்சளுக்காக எவனாவது தள்ளுவானாடி? எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்றே. கை கோணிடுத்து. எழுத்து வரலே. அதான்."

"சத்தியமா மஞ்சள்தாம்ப்பா."

"சரி, விடு."

அவர் நம்பவில்லை. நம்பும்படியான காரணமும் இல்லை அது. அந்தப் பெண்ணையே அவரிடம் சொல்ல வைக்கலாம் என்று மறுபடி மறுபடி போன் செய்தேன். அவள் திரும்பக் கிடைக்கவே இல்லை. வந்த குரல்களெல்லாம் அந்த ஒன்றரை வரியையே படித்தன. மின்னஞ்சல் அனுப்பினேன், அதற்கும் அதே ஒன்றரை வரி. கடைக்குப் போனேன். எங்களிடம் வாய் ஓயாமல் பேசிய பையன், "அது கம்பெனி மேட்டர் மேடம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் அதே சலுகையைச் சொல்லப் போய்விட்டான். தெளிவாக இல்லை, திருத்தப்பட்டுள்ளன. மஞ்சள் என்கிற வார்த்தையை எழுத்தில் தர ஒருவரும் இல்லை. அப்பாவுக்கு எழுத்தில் இருந்தால்தான் எதுவும் உண்மை.

அட்டைப்பெட்டியை அவரே பழைய பேப்பர்க்காரரைக் கூப்பிட்டுக் கொடுத்தார். பேனாவை அலமாரியில் வைத்தார்.

ஐப்பசி மழை ஆரம்பித்த சமயம் ஓய்வூதியச் சான்று கொடுக்கும் நாள் வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை, தான் உயிரோடு இருப்பதாக அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டு பாங்கில் கொடுக்க வேண்டும். பக்கவாதம் வந்த வருஷம்கூட எப்படியோ அவரேதான் போட்டார். கோணலாக இருந்தது, ஆனால் அது அவருடைய கையெழுத்து. இந்த முறை படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

"நீயே எழுதிடு."

எழுதினேன். கையெழுத்துக்கு அவரிடம் பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. எழுந்து போய்க் கிண்ணத்தை எடுத்து வந்தார். இடது கை விரலால் மஞ்சளைக் குழைத்து, நாலு மூலையிலும் தொட்டு வைத்தார். நான் தடுக்கவில்லை. என்ன சொன்னாலும் அவர் என்னை இரக்கத்தோடு பார்ப்பார். அதை இன்னொரு தடவை என்னால் தாங்க முடியாது.

"கையெழுத்து வேண்டாம். அங்கேயே போய்க் கைநாட்டு வெச்சுடறேன்" என்றார்.

ஆயிரக்கணக்கான உறைகளுக்குக் கையெழுத்துப் போட்ட மனுஷர். பாங்கில் மானேஜர் மையட்டையைத் திறந்து வைத்தார். அப்பா கட்டை விரலை அதில் அழுத்தி, படிவத்தில் அழுத்தினார். மானேஜர் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, படிவத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு டிரேயில் போட்டார். மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மயிலாப்பூர் பாங்க், தினமும் இப்படி எத்தனை பார்த்திருப்பார்.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. குடையை விரித்தேன். அப்பா மை படிந்த விரலை வேட்டியில் பட்டுவிடாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாத்தியா?" என்றார். "நாலு மூலையிலும் மஞ்சள் இருந்துது. பேசாம வாங்கிண்டுட்டா. இதுல என் எழுத்து இல்லியோன்னோ, அதான்."