ஆடியும் ஐதீகமும்

என் அப்பா கேரள எல்லையோரப் பாறசாலையில் டயர் கடை வைத்திருப்பவர். பேசுவது தமிழ், படித்தது மலையாளம். ஐதீகம் என்ற சொல் அவர் காதில் விழுந்தால் மலையாளத்து 'ஐதிஹ்யம்' என்றுதான் கேட்கும்; அதாவது கட்டுக்கதை. தமிழில் அதற்கு வழிவழியாக வந்த நம்பிக்கை என்று பொருள் இருப்பது, என் கல்யாணம் பேசும்வரை எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

மாப்பிள்ளை வீடு திருநெல்வேலிப் பக்கம். எங்களைப்போல வேதக்காரர்கள்தான். வேதக்காரர்களுக்கு ஆடி என்ன, ஆவணி என்ன என்று கேட்காதீர்கள். அங்கே ஒரு கையில் பைபிள், மறு கையில் காலண்டர். மாப்பிள்ளைக்குக் குவைத்தில் வேலை. லீவு ஆடியில் மட்டும். அதை விட்டால் அடுத்த வருஷம்தான்.

பேச வந்த அவருடைய பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். "ஆடியில் கல்யாணம் ஆகாது என்பது ஐதீகம்" என்றார், இலக்கணம் பிசகாமல்.

அப்பாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "சரிதான் சாரே, ஐதீகமாக்கும். எங்களுக்கும் அதே அபிப்பிராயம் உண்டு."

இருவரும் திருப்தியாக ஏத்தங்காய் சிப்ஸ் தின்றார்கள்.

அடுத்த ஞாயிறு எங்கள் சபையில் முதல் கல்யாண ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்தார்கள். அப்பாவே குறித்த தேதி, சுத்தமான ஆடி. அப்பா சந்தோஷமாகப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துச் சொன்னார்.

"எங்களைக் கேலி பண்ணுதீயளா?" பெரியப்பாவின் இலக்கணம் போன இடம் தெரியவில்லை.

"நீங்கதானே ஐதீகம்னு சொன்னிய?"

"ஆமா, ஐதீகம்னுதான் சொன்னேன்."

"பின்னே என்ன?"

பத்து நிமிஷம் இதே பாட்டு. மாப்பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு பாழாய்ப்போன சொல்லால் அவர் கைநழுவிவிடுவாரோ என்று பயந்தேன். என் மொபைலில் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டு, அப்பாவின் போனைப் பிடுங்கி, இரண்டு அர்த்தத்தையும் விளக்கினேன். அர்த்தம் புரிந்தும் பெரியப்பா இறங்கவில்லை.

அப்போது மாமியாரின் குரல் கேட்டது. "அத்தான், ஆடியில புதுசாக் கட்டுனவங்களைப் பிரிச்சு வைக்கணும், அம்புட்டுத்தானே? கல்யாணம் முடிஞ்ச மூணாம் நாள் இவனுக்கு பிளைட். கம்பெனிக்காரனே பிரிச்சு வச்சிருதான். பேசாம நடத்துவோம்."

பெரியப்பா யோசித்தார். அதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை.

கல்யாணம் நடந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். மூன்றாம் நாள் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் நான் மட்டும் அழுதேன். ஆடிக்குப் பிரித்து வைத்த மற்ற பெண்கள் ஆவணி பிறந்ததும் புருஷனிடம் போய்விடுவார்கள். எனக்கு அந்த ஆடி முடியப் பதினோரு மாதம் ஆனது.