மூக்குப் பாரமான பிளேன்

விமானம் கட்டிப் பறக்கவிடும் கேமில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் மூக்கைப் பாரமாக்குங்கள். செட்டை என்கிற இறக்கையின் வடிவு, நிறம், சோடனை எல்லாம் பிறகு. இதைச் சொல்ல இவளுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நியாயந்தான். நான் அடம்பனில் வயல்காரர் வீட்டில் பிறந்து, வங்காலையில் ஒரு கடற்காரரைக் கட்டியவள். கோயிலா, தேவாலயமா என்று அந்தக் கலியாணத்துக்கு இரண்டு பக்கமும் கொதித்தது வேறு கதை. விமானத்துக்குள் நான் இன்றுவரை கால் வைத்ததில்லை. விமானம் என்றால் பங்கர் குழிக்குள் குப்புறப் படுத்துக் காதைப் பொத்துவது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

சண்டை முடிந்து, அவர் புனர்வாழ்வு முகாமிலிருந்து விடுதலையாகி வந்தபோது, எங்கள் வீடு நாலு சுவரும் தகரக் கூரையுமாக நின்றது. வந்தவர் கடலுக்குப் போகவில்லை. கதிரையில் இருப்பார், வாசற் படலையைப் பார்ப்பார். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் முகம் வெளிறிவிடும். மாதாமாதம் ஆமிக் காம்பில் கையெழுத்து வைக்கப் போகும் நாளில் ஒரு வாய் சோறு இறங்காது. என்ன கேட்டாலும் பேச்சில்லை. ஒரே ஒருநாள் மட்டும் வாய் திறந்தார். புலிகளிடம் பிளேன் இருந்ததால் முகாமில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்று இருந்ததாம்: "பிளேன் செய்யத் தெரியுமோ? பிளேன் நிண்ட இடத்தில நீயும் நிண்டனியோ?" போட் ஓட்டுகிற மனிசனிடம் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்!

அப்படியிருக்க, பிரான்சில் இருக்கும் அவருடைய தங்கச்சி ஒரு பழைய லப்டொப்பை ஆளிடம் கொடுத்தனுப்பினாள். அதற்குள் கிடந்தது இந்தக் கேம். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதைதான். முதல்நாள் அதிலிருந்து என்ஜின் இரைந்ததும், நான் கறிச்சட்டியையும் போட்டுவிட்டுக் குசினி நிலத்தில் படுத்துவிட்டேன். பிறகு எழும்பி வந்து கத்தினேன், பாருங்கள்.

"கோதாரி பிடிச்ச சாமான்! நிப்பாட்டுங்கோ சத்தத்தை! இந்த வீட்டுக்குள்ள எனக்குப் பிளேன் சத்தம் கேட்கக்கூடாது!"

அவர் சத்தத்தை முழுதாகக் குறைத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பிளேன்கள் எல்லாம் ஊமை.

லப்டொப்பைத் தூக்கி அலுமாரிக்குள் பூட்டத்தான் நினைத்தேன். ஆனால் பிளேன் கட்டும்போது மனிசன் கதைத்தார். "இஞ்ச வந்து பாரன், இந்த வாலை எங்க பூட்டுறது?" என்று என்னைக் கூப்பிட்டார். அவர் அப்படி என்னைக் கூப்பிட்டு எத்தனை காலம்! அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

கட்டியதெல்லாம் விழுந்தது. முதலில் ஒரு பெரிய கப்பல் மாதிரிக் கட்டினார், ஓடுபாதையிலேயே உடைந்தது. சின்னதாகத் தொடங்குங்கள் என்றேன். ஓர் உடல், ஒரு சோடி செட்டை, ஒரு வால், ஓர் என்ஜின், அவ்வளவும் காணும். சில்லுகள் கொஞ்சம் சரிந்திருந்ததால் அடுத்தது வளைந்து வளைந்து ஓடிப் பற்றைக்குள் போனது. அதையும் நேராக்கினோம். அதற்குப் பிறகு ஓடியது, எழும்பியது, எழும்பின உடனே மூக்கை வானத்துக்குத் தூக்கி மல்லாக்க விழுந்தது. திரும்பத் திரும்ப அப்படியே. எனக்கு விசர் பிடித்தது. எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீசை வைத்துக்கொண்டு கேமில் இருந்த உதவிப் பக்கத்தை எழுத்துக் கூட்டி வாசித்தேன். திரையில் இரண்டு உருண்டைகள் தெரியும். மஞ்சள் உருண்டை பாரத்தின் நடு. நீல உருண்டை செட்டை தூக்குகிற இடம். மஞ்சள் எப்போதும் நீலத்துக்கு முன்னால் நிற்க வேண்டுமாம். எங்கள் பிளேனில் அது பின்னால் நின்றது.

ஏன் நின்றது? ஏனென்றால் என்ரை மனிசன் கட்டியது பிளேன் இல்லை, போட். என்ஜினும் பின்னால், எண்ணெய்த் தாங்கியும் பின்னால்.

"எண்ணெயை முன்னுக்குக் கொண்டுபோங்கோ" என்றேன்.

"உனக்கென்னடி தெரியும் வயல்காரி? அணியம் பாரமெண்டால் அலை உள்ளுக்கு ஏறும். முன்பக்கம் எப்பவும் நிமிந்து நிக்கோணும்."

"இதில அலை எங்க இருக்கு? கடலே இல்லாத இடத்தில என்னத்துக்கு அணியம்?"

இரண்டு நாள் இதே சண்டை. பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைத்தார்களோ தெரியாது. மூன்றாம் நாள் காலை, என்னை மடக்கிக் காட்டுவதற்காகவே தாங்கியை மூக்குக்குள் கொண்டுபோய் வைத்தார். மஞ்சள் முன்னுக்கு வந்தது. பிளேன் ஓடியது, எழும்பியது, நேராகப் போனது. போய்க்கொண்டே இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். முகாமால் வந்த பிறகு அவருடைய பல்லை நான் கண்டது அன்றைக்குத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

தேத்தண்ணி வைக்க எழும்பினேன். படலையடியில் மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது.

சாதாரண உடுப்பில் இரண்டு பேர். கையெழுத்து வைக்கும் இடத்தில் நான் கண்ட முகங்கள். தடித்தவர் அதிகாரி. மெலிந்தவருக்குத் தமிழ் தெரியும். அதற்கு முந்தின கிழமைதான் அடுத்த தெருவில் ஒருவரை, "சின்ன விசாரணை, பின்னேரம் விட்டிடுவம்" என்று கூட்டிப்போயிருந்தார்கள். அவருடைய மனிசி இன்னும் கந்தோர் கந்தோராக அலைந்துகொண்டிருந்தாள். மடியில் கனமில்லையென்றால் வழியில் பயமில்லை என்று சொல்லி வைத்தவன் அந்த நாளில் எங்கள் ஊரில் இருந்திருக்க மாட்டான்.

லப்டொப்பை மூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. பிளேன் திரும்பவும் ஓடுபாதையில் நின்றது. அதிகாரி குனிந்து பார்த்தார்.

"மேக மொகக்த?"

"இது என்னெண்டு கேக்கிறார்" என்றார் மெலிந்தவர்.

"கேம், சேர்."

"நீயா செய்தது?" என்று மெலிந்தவர் என்ரை மனிசனிடம் கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்தார். "ஓம், சேர்."

இருவரும் சிங்களத்தில் ஏதோ கதைத்தார்கள். மெலிந்தவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். "பறக்குமா இது? ஓட்டிக் காட்டு."

சற்று முன்புவரை பற பற என்று நேர்ந்தவள் நான். இப்போது மடு மாதாவையும் கேதீச்சரத்தானையும் ஒன்றாகக் கூப்பிட்டேன்: விழுத்துங்கோ, இந்தப் பிளேனை எப்படியாவது விழுத்துங்கோ! ஆனால் அது விழாது. நாங்கள் அதை அவ்வளவு சரியாகக் கட்டியிருந்தோம்.

"ஒரு நிமிசம் சேர், இன்னும் வேலை முடியேல்லை" என்றார் அவர். மூக்குக்குள் இருந்த எண்ணெய்த் தாங்கியைப் பிடித்தார். மெல்ல இழுத்துக்கொண்டுபோய் வாலடியில் வைத்தார். மஞ்சள் உருண்டை நீலத்தைத் தாண்டிப் பின்னால் போனது. அந்த அறையில் அதன் அர்த்தம் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

பிளேன் ஓடியது. எழும்பியது. மூக்கைத் தூக்கி, தூக்கி, மல்லாக்க விழுந்து சிதறியது.

அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். ஏதோ சொன்னார். மெலிந்தவர் அதைத் தமிழில் சொன்னார்: "உனக்குப் பிளேன் சரிவராதாம். போட்டே ஓட்டட்டாம்." அவரும் சிரித்தார். என்ரை மனிசனும் கூடச் சேர்ந்து சிரித்தார், "ஓம் சேர், ஓம் சேர்" என்று. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. அவருக்கு வரும், நல்லாய் வரும், காலமை நான் கண்ணால் கண்டேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. சேலைத் தலைப்பை வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மோட்டார் சைக்கிள் தேவாலயப் பக்கம் போய்ச் சத்தம் ஓய்ந்தது. அவர் கதிரையை விட்டு அசையவில்லை. சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது.

"பறந்திருந்தால் இப்ப நான் அவங்களோட போயிருப்பன்" என்றார்.

"தெரியும்."

"நல்ல பிளேன் அது."

"தெரியும் எண்டு சொல்லுறனெல்லே!"

அவர் லப்டொப்பை மூடக் கை வைத்தார். மூடினால் இந்த மனிசன் பழையபடி படலையைப் பார்த்துக்கொண்டு இருக்கப்போகிறார் என்று எனக்குப் பட்டது. கையைத் தட்டிவிட்டேன். தாங்கியை நானே இழுத்துக்கொண்டுபோய் மூக்குக்குள் வைத்தேன்.

"ஏத்துங்கோ" என்றேன்.

"இப்பவோ?"

"இப்பத்தான். சத்தத்தையும் போடுங்கோ."

"எடி, உனக்குப் பயமெல்லே. றோட்டிலயும் கேக்கும்."

"கேக்கட்டும். என்ரை வீடு இது. போடுங்கோ!"

அவர் போட்டார். என்ஜின் இரைந்தது, தகரக் கூரை முழுக்க அந்தச் சத்தம். நிலத்தில் படு, படு என்றது உடம்பு. நான் அலுமாரியைப் பிடித்துக்கொண்டு, பிளேன் எழும்பி நேராகப் போகும்வரை நின்றேன்.