பேரம் பேசாமல் வாங்கிய கத்தி

பல்லாவரம் சந்தையில் என்னிடம் பேரம் பேசி ஜெயித்தவன் இதுவரை பிறக்கவில்லை. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன், வெட்கமெல்லாம் இல்லை. அப்படிப்பட்ட என்னை ஒரு வெள்ளிக்கிழமை அதே சந்தையில் வாயை மூடிக்கொண்டு நிற்க வைத்தவள் என் மருமகள்.

முடிச்சூரில் எங்கள் வீட்டு மாடியில்தான் மகனும் அவளும் இருக்கிறார்கள். அவள் மேடவாக்கம் தாண்டி ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறாள். பேச்சு குறைவு, வேலை சுத்தம். கல்யாணமான புதிதில் இவளோடு சண்டை போடக்கூட முடியாதே என்று எனக்குக் கவலையாக இருந்தது.

போன வருஷம் அவள் அம்மா செத்துப்போனாள். கொள்ளி வைத்தது அவள் அண்ணன். பாடையைத் தூக்கும்போது இவள் செருப்புகூடப் போடாமல் பின்னாலேயே ஓடினாள். தெருமுனையில் அவள் கையைப் பிடித்து நிறுத்தியது நான்தான். "பொம்பளைங்க இதுக்கு மேல போவக்கூடாதும்மா" என்றேன். எங்கள் பக்கத்தில் காலங்காலமாக அப்படித்தான், அதனால் சொன்னேன். அவள் திமிறவில்லை, அழவும் இல்லை. அதற்கப்புறம் அவள் அழுது நான் பார்க்கவே இல்லை. வருஷத் திதிக்கு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தவளிடம் எப்படி நடந்தது என்று கேட்டேன். "இலை போட்டாங்க, சாப்ட்டேன் அத்தை" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். பெற்ற அம்மாவின் திதியில் அவளுக்கு வேலை அவ்வளவுதான்.

அப்புறம் ஒருநாள் அவளே கீழே வந்து உட்கார்ந்து சொன்னாள். விக்கா என்று ஒரு வழிபாடாம். வெளிநாட்டில் நிலாவையும் நெருப்பையும் பருவகாலத்தையும் கும்பிடுகிறவர்கள் செய்வதாம். இரண்டு வருஷமாக அவளும் கம்ப்யூட்டரில் படித்து, தனியாக, சத்தமில்லாமல் செய்துவருகிறாளாம். அக்டோபர் கடைசியில் செத்தவர்களை நினைத்துக் கூப்பிடுகிற நாள் ஒன்று வருகிறது. அதை ஆம்பளை பொம்பளை யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

"அம்மாவுக்கு நான் ஒண்ணுமே செய்யல அத்தை. இதையாவது என் கையால செய்யணும். மொட்டை மாடியில செஞ்சுக்கட்டுமா?"

"நெலாவ கும்புடறதுக்கு வெள்ளக்காரன் இன்னாத்துக்கு? நம்மகிட்ட இல்லாத நெலாவா?" என்றுதான் என் வாயில் முதலில் வந்தது. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை மாதமாயிற்று! செய்துகொள் என்று சொல்லிவிட்டேன்.

அதற்கு ஒரு கத்தி வேண்டுமாம். அதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் பொறுமையாக விளக்கினாள். அது எதையும் வெட்டுவதற்கு இல்லை. தன்னைச் சுற்றிக் காற்றில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் நின்று கும்பிடுவதற்கு. இரண்டு பக்கமும் கூர் இருக்கவேண்டும், பிடி கறுப்பாக இருக்கவேண்டும், ரத்தம் பட்டிருக்கக் கூடாது. கம்ப்யூட்டரில் படத்தைப் பார்த்து வரவழைக்காமல் கையில் பிடித்துப் பார்த்து எடுக்கவேண்டும். பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் இரும்பு வைக்கிற ஊரில் பிறந்தவள் நான், இதெல்லாம் எனக்குப் புரியாமல் இல்லை. பல்லாவரம் சந்தையில் கிடைக்காத பொருளா, நானே கூட்டிப்போகிறேன் என்றேன். அந்தச் சந்தை வெள்ளிக்கிழமைதான் கூடும். அவள் சொன்ன நாளுக்கு முன்னால் ஒரே ஒரு வெள்ளிக்கிழமைதான் பாக்கி இருந்தது. அது தப்பினால் அடுத்த வருஷம்தான்.

அன்றைக்கு அவள் லீவு போட்டாள். வெயில் ஏறுவதற்குள் போய்விட்டோம். பழைய பூட்டு, ஜார் இல்லாத மிக்ஸி, ரோஜாச்செடி, லவ் பேர்ட்ஸ் எல்லாவற்றையும் தாண்டி, ஒருத்தன் தார்ப்பாய் விரித்துக் கத்தியும் சுத்தியலுமாகப் பரப்பியிருந்த இடத்துக்கு வந்தோம். அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். ஆளாளுக்குத் தள்ளிக்கொண்டு போகிற அந்தக் கூட்டத்தில், கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள் பாருங்கள், எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, பிரமிப்பாகவும் இருந்தது. ஐந்தாறு பார்த்தபின் கறுப்புக் கொம்புப் பிடி போட்ட ஒன்றைப் பிடித்து, கண்ணைத் திறந்து, "இது" என்றாள்.

"எவ்ளோப்பா?" என்றேன்.

"எழுநூறுக்கா."

"இன்னாது? துருப்புடிச்ச தகடுக்கு எழுநூறா? எரநூறு தரேன், சுத்திக் குடு."

அவன் ஐநூறு என்றான். நான் நாலு எட்டு நடந்தேன். கூப்பிட்டான். முந்நூறில் முடித்தேன். ஜெயித்த முகத்தோடு திரும்பிப் பார்த்தால் மருமகள் கத்தியைத் தார்ப்பாயில் திரும்ப வைத்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம் அத்தை. போலாம்."

"இன்னாக்கா இது, வெல பேசிட்டு வாணான்றீங்க? காலைலயே பேஜாரு பண்றீங்களே!" என்று கடைக்காரன் கத்தினான். அவன்மேல் தப்பில்லை. எனக்கும் சுர்ரென்று ஏறியது. நூறு பேர் பார்க்க ஏம்மா என் மானத்தை வாங்குற என்று அவளைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் கொஞ்சம் தள்ளிப் போய்ச் சொன்னாள். அந்தக் கத்தியை வாங்கும்போது பேரம் பேசக்கூடாதாம். சொன்ன விலையைக் கொடுத்து வாங்கவேண்டுமாம், இல்லையென்றால் அது பூஜைக்கு ஆகாதாம்.

"இத மொதல்லயே சொல்லக்கூடாதா?"

"பதட்டத்துல சொல்ல மறந்துட்டேன், ஸாரி அத்தை. அது என் தப்புதான்." கத்தி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்து, "ரூலுக்காக மட்டும் இல்ல. அம்மாவுக்குன்னு வாழ்க்கையில கடைசியா ஒண்ணு வாங்குறேன். அதுல கொறச்சுக் கேக்க எனக்கு மனசு வரல" என்றாள்.

தெருமுனையில் கையைப் பிடித்து நிறுத்தியவளும் நான், இன்றைக்குக் காரியத்தைக் கெடுத்தவளும் நான். போய் அந்தக் கத்தியை அவன் சொன்ன எழுநூறுக்கே வாங்கிவிடலாம் என்றேன். பேரம் பட்டது பட்டதுதான் என்றுவிட்டாள். அந்தப் பிடிவாதத்தின்மேல் எனக்குக் கோபம்தான் வரவேண்டும், மரியாதைதான் வந்தது. கோயில் வாசலில் கற்பூரத்துக்கே பேரம் பேசுகிறவள் நான். இவ்வளவு சின்னப் பெண்ணுக்கு இவ்வளவு கறார் எங்கிருந்து வந்தது என்று பார்த்துக்கொண்டே அவள் பின்னால் நடந்தேன்.

சந்தையை இரண்டு சுற்று சுற்றினோம். ஒன்றில் ஒரு பக்கம்தான் கூர். இன்னொன்றின் பிடி பிளாஸ்டிக். ஒருத்தன் கூர் காட்டுகிறேன் என்று தக்காளியை வெட்டிக் காண்பித்தான், இவள் ஐயோ என்று நகர்ந்துவிட்டாள். மணி மூன்றுக்கு எனக்குக் கால் கடுத்தது, அவளுக்கு முகம் வாடிவிட்டது. வாங்காமல் திரும்பினால் இந்தப் பெண் மறுபடி பேச்சை நிறுத்திவிடுவாளே என்று எனக்கு உள்ளுக்குள் உதறல். அப்போதுதான் ரயில்வே லைன் பக்கம் ஒரு அம்மா பழைய படச்சட்டமும் சுவர்க்கடிகாரமும் போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தோம். கடிகாரங்களுக்கு நடுவில் ஒரு கத்தி. கறுப்பு மரப் பிடி, இரண்டு பக்கமும் கூர்.

மருமகள் எடுத்துக் கண்ணை மூடினாள். வெகுநேரம் திறக்கவில்லை. அப்புறம், "இதுல எதையாவது வெட்டியிருக்காங்களாம்மா?" என்று கேட்டாள்.

"கத்தி வாங்க வந்துட்டு வெட்டுச்சான்னு கேக்குற மொத ஆளு நீதாம்மா! இது செவுத்துல அழகுக்கு மாட்டி வெச்சிருந்தது. வூடு காலி பண்றப்ப எனுக்குப் போட்டாங்க. எண்ணூறு குடு."

இருநூறுக்குமேல் பெறாது. என் நாக்கு மேலண்ணத்தில் துடித்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அந்த அம்மா என்னைப் பார்த்தாள், நான் ஆரம்பிப்பேன் என்று காத்திருந்தாள். நான் ஆகாயத்தில் போன விமானத்தைப் பார்த்தேன். மருமகள் எண்ணூறை எடுத்து நீட்டினாள். அந்த அம்மா மிரண்டுபோனாள்.

"இன்னாம்மா, கேட்டதக் குடுக்குற? அறுநூறு குடு, போதும்."

"இல்லம்மா, நீங்க சொன்னதே இருக்கட்டும்."

"யாருக்கும்மா இது?"

"செத்துப்போன எங்கம்மாவுக்கு."

அந்த அம்மா எண்ணூறையும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கத்தியைப் பேப்பரில் சுற்றினாள். கையில் கொடுக்காமல் தரையில் வைத்து, "எடுத்துக்கோ தாயி" என்றாள். கூர்ப்பொருளைக் கைக்குக் கை கொடுத்தால் பகை என்பது எங்கள் வழக்கம். அந்தச் சந்தையில் நான் ஒரு வார்த்தைகூடப் பேரம் பேசாமல் வாங்கிவந்த ஒரே சாமான் அதுதான்.

சொன்ன நாள் வந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு மொட்டை மாடிக்குப் போனாள். அவள் அம்மாவின் போட்டோ, நாலு அகல், உப்பு, தண்ணீர். யாராவது எட்டிப் பார்த்தால் விரட்டலாம் என்று நான் தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். கத்தியை நீட்டிப் பிடித்து மெதுவாக ஒரு சுற்று வந்தாள். ஏதோ ஒரு தைரியம் அவள் முதுகில் தெரிந்தது. போட்டோவுக்கு முன்னால் நின்று வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. மறுபடி திறந்தாள்.

என் பக்கம் திரும்பினாள். "அத்தை, வரீங்களா? தனியா கூப்பிட முடியல."

வட்டத்தைத் தாண்டக்கூடாது என்று அவள்தான் சொல்லியிருந்தாள். நான் தயங்கினேன். அவள் கத்தியால் காற்றில் மேலே ஒரு கோடு, பக்கத்தில் இரண்டு கோடு போட்டாள். கதவாம். நான் நுழைந்தபின் அதை மூடினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்று கூப்பிட்டாள். அப்புறம் அழுதாள் பாருங்கள், ஒரு வருஷத்து அழுகை. நான் நிறுத்தவில்லை.

அடங்கியபின் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "உங்கம்மா பேரு என்ன அத்தை? அவங்களையும் கூப்பிடலாம்."

நான் வாக்கப்பட்டு வந்து முப்பத்திரண்டு வருஷம். வருஷா வருஷம் என் கையால் சமைத்து மாமனார் மாமியாருக்குப் படையல் போட்டிருக்கிறேன். என் அம்மாவுக்கு என் தம்பி வீட்டில் போடுவார்கள். இந்த வீட்டில் அவள் பெயரை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவள் அவசரப்படுத்தாமல் நின்றாள். அப்புறம் சொன்னேன், தெருவுக்கே கேட்கும்படி.