அம்மாவின் ஜெபக் கருத்துகள்

எங்கள் வீட்டில் அம்மா அப்பாவுக்கு யோசனை சொன்னதே கிடையாது. வேண்டியதையெல்லாம் மாதாவிடம் சொல்வாள். அப்பா பக்கத்தில் முழங்காலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

சாந்தோமில், கடல் சத்தம் எந்நேரமும் கேட்கிற ஒரு சந்தில் இருந்தது வீடு. சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் கூடத்தில் பாயை விரித்து, திரு இருதயப் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, அப்பா, அம்மா, நான், தங்கை நான்கு பேருமாக ஜெபமாலை சொல்வோம். ஜெபமாலையில் பத்துப் பத்து மணியாக ஐந்து பகுதி உண்டு. ஒவ்வொரு பத்து தொடங்கும்போதும், இது இன்ன கருத்துக்காக என்று ஒரு வேண்டுதலை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நோயாளிகளுக்காக, மழைக்காக, யுத்தம் நிற்பதற்காக என்று மற்ற வீடுகளில் சொல்வார்கள். எங்கள் வீட்டில் ஜெபத்தை நடத்துகிறவள் அம்மா. அவளுடைய கருத்துகள் வேறு மாதிரி இருக்கும்.

அப்பா ஆண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒருமுறை தலைமையாசிரியரோடு சண்டை போட்டுவிட்டு வந்து, நாளைக்கே வேலையை விட்டெறியப் போவதாகக் குதித்தார். அம்மா ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் மூன்றாம் பத்து வந்தது. "கோவத்துல வேலய வுட்டுட்டு, ரெண்டு பொண்ணுங்கள வெச்சிக்கினு தெருவுல நிக்கிற எல்லா வாத்தியாருங்களுக்காகவும் வேண்டிக்குவோம்" என்றாள், கண்ணை மூடியபடியே. அப்பா என்ன செய்வார்? ஜெபத்தின் நடுவில் எழுந்து வாதாட முடியுமா? பத்து தடவையும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னார். மறுநாள் வழக்கம்போல் குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோதும் இப்படித்தான். அப்பா பெட்டியை எல்லாம் கட்டி வைத்துவிட்டார். "பூட்டிக் கெடக்கிற வீட்டுல பூந்து பாத்திரம் பண்டம் தூக்கிட்டுப் போறவங்க மனந்திரும்பணும்னு" ஐந்தாம் பத்தை அம்மா ஒப்புக்கொடுத்தாள். நாங்கள் எங்கும் போகவில்லை. பெட்டிகளை அப்பாவே அவிழ்த்தார்.

இதெல்லாம் எனக்கு அப்போது விசேஷமாகப் படவில்லை. எல்லா வீட்டிலும் மாதா இப்படித்தான் குடித்தனம் நடத்துகிறாள் என்று நினைத்திருந்தேன். தவிர, நான் பகலிலேயே கனவு காண்கிற ரகம். ஜெபம் பாதி நடக்கும்போதே மெழுகுவர்த்தியின் சுடரைப் பார்த்துக்கொண்டு எங்கேயோ போய்விடுவேன். அம்மாவின் குரலும் அலைச் சத்தமும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, எது வேண்டுதல் எது தண்ணீர் என்று தெரியாமல் போகும். தங்கை முதுகில் கிள்ளினால்தான் பாய்க்குத் திரும்புவேன்.

யுத்தம் முடிந்த வருஷம் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் ஆனர்ஸ் கடைசி வகுப்புக்கு வந்திருந்தேன். லஸ்ஸில் டிராம் ஏறி, ராயப்பேட்டை வழியாகத் தூங்கி வழிந்துகொண்டு போவேன். அந்த வருஷம் எங்களுக்கு வாய்த்த பாடம் இங்கிலாந்தின் பழைய காலம். ராஜாக்களும் துறவிகளும் இருந்த, அச்சு யந்திரம் வராத காலம். மத்தியான வகுப்பு; மின்விசிறி நின்று நின்று சுற்றும். பேராசிரியை படிக்கப் படிக்க, பாதி புரிந்தும் புரியாமலும் அந்தக் காலத்துப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து என் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார்கள். அத்தனை பேரும் முக்காடு போட்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பார்க்கிற முகங்களாகவே இருக்கும்.

தாய் மகளுக்குப் புத்தி சொல்வதாகச் சில பாட்டுகள் அதில் வந்தன. உரக்கச் சிரிக்காதே, சந்தையில் நிற்காதே, புருஷன் கோபித்தால் சாந்தமாகப் பதில் சொல். எழுதியவர்கள் அநேகமாக ஆண்கள் என்றார் பேராசிரியை. எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சொல்வதை அம்மா சொன்னதாக எழுதிவைத்தால் எப்படி இருக்கும்! இன்னொரு வகைப் பெண்கள், கோயில் சுவரை ஒட்டிய சின்ன அறைக்குள் தங்களை அடைத்துக்கொண்டு சாகும்வரை அங்கேயே ஜெபம் செய்தார்கள். அறைக்குத் தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல். ஊர் ஜனங்கள் அங்கே வந்து யோசனை கேட்டுப் போவார்கள். இதைக் கேட்டபோது எனக்குத் தூக்கம் கலைந்தது. எங்கள் சமையலறைக்கும் சந்தைப் பார்த்து ஒரு ஜன்னல் உண்டு. காலையில் நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மாள், கூடையை ஜன்னலடியில் இறக்கிவைத்துவிட்டு, "எம்மருமவ மொகத்த தூக்கிக்கினே கீது, இன்னாம்மா பண்ணட்டும்?" என்று கேட்பாள். அம்மா வஞ்சிரத்தைப் புரட்டிப் பார்த்தபடியே பட்டென்று பதில் சொல்வாள். அந்த ஜன்னலில் மாதாவை அவள் இழுத்ததே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தவர்கள், தரிசனம் கண்ட பெண்கள். நான் படிப்பறியாத பேதை, இதைச் சொல்வது நானல்ல, ஆண்டவர் சொல்லச் சொல்கிறார் என்று ஆரம்பித்து, பிஷப்மார்களையே கண்டித்துவிடுவார்கள். மனுஷியாகச் சொன்னால் யாரும் காது கொடுக்கமாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அன்று டிராமில் வரும்போது, அம்மாவும் இவர்களில் ஒருத்திதான், அவள் வித்தையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். அத்தனை சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு எனக்கு ஒரு வரன் வந்தது. நாகபுரியில் ரயில்வே உத்தியோகம், நல்ல குடும்பம், போட்டோவில் நல்ல முகம். கல்யாணம் தவசு காலத்துக்கு முன்னால் நடந்துவிட வேண்டும் என்று பிள்ளை வீட்டார் கேட்டார்கள். அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். தவசு என்கிற நாற்பது நாள் நோன்பு தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. என் கடைசிப் பரீட்சையோ தவசின் நடுவில் வந்தது. அதாவது, பரீட்சை நடக்கும்போது நான் நாகபுரியில் யாருக்கோ பருப்பு வேகவைத்துக்கொண்டிருப்பேன். அந்த மனிதர்மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. ஆனால் பரீட்சை எழுதாமல் போவது, முக்காடு போட்ட அந்தப் பெண்களைப் பாதி வழியில் விட்டுவிட்டுப் போவது போல இருந்தது. ஈஸ்டர் முடிந்து கல்யாணம் என்றால் எல்லாம் சரியாகிவிடும். அதை அப்பாவிடம் யார் சொல்வது?

அம்மா தொடங்கினாள். "அரைகொறையா நிக்கிற எல்லாக் காரியத்துக்காகவும்" என்று ஒரு நாள் இரண்டாம் பத்தை ஒப்புக்கொடுத்தாள். "கோயில் மதிலு, எதுத்த வீட்டு மாடி, பசங்க படிப்பு, எல்லாம் நல்லபடியா முடியட்டும்." அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மறுநாள், சொன்ன வார்த்தையைக் கொஞ்சம் தள்ளிப்போட்டதால் நன்மை அடைந்த அர்ச்சிஷ்டவர்களை, அதாவது புனிதர்களை, நினைத்து ஒரு பத்து. அப்படி யார் இருந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்பா சாப்பிடும்போது கூரையைப் பார்த்து யோசித்தார். மாதா கிட்டத்தட்ட வென்றுகொண்டிருந்தாள்.

எனக்குத்தான் பொறுமை இல்லை. அந்த வாரம் வகுப்பில் ராணிகளைப் பற்றி நடந்தது. யாரோ ஒருவனுக்கு ராஜா மரண தண்டனை விதித்துவிட்டால், தன் வார்த்தையைத் தானே மாற்ற முடியாது, கௌரவம் போய்விடும். ராணி எல்லோர் முன்னிலும் முழங்காலிட்டுக் கெஞ்சுவாள். அவளுக்காக மனமிரங்கியதாகச் சொல்லி ராஜா இறங்கிவருவான். இதை மண்டை நிறைய ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நாலாம் பத்தை மட்டும் அம்மா எனக்கும் தங்கைக்கும் மாற்றி மாற்றி விடுவாள்; அன்று என் முறை. அம்மா பழக்கிய வழியெல்லாம் மறந்துபோய், சுடரைப் பார்த்துக்கொண்டே, "என் பரீட்சை முடியறவரைக்கும் கல்யாண ஓலை வாசிக்காம இருக்க வேண்டிக்குவோம்" என்று சொல்லிவிட்டேன்.

ஓலை என்பது கல்யாண அறிவிப்பு. மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் என்று வாசிப்பார். வாசித்துவிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். பிறகு நாளை மாற்றுவது அசிங்கம். எங்கள் முதல் ஓலை வருகிற ஞாயிற்றுக்கிழமை.

அப்பா திரும்பிப் பார்த்தார். என்னை அல்ல, அம்மாவை. இத்தனை வருஷமாகத் தன் முதுகுக்குப் பின்னால் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது அந்த நிமிஷத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. அம்மா கையிலிருந்த ஜெபமாலையை வாங்கிக்கொண்டார். "இனிமே ஜெபத்த நான் சொல்றேன். கருத்து ஒண்ணும் வேணாம்" என்றார்.

அதன்பிறகு எங்கள் வீட்டு ஜெபமாலை வாய்ப்பாடு மாதிரி ஆகிவிட்டது. அப்பா நிறுத்தாமல் கணக்குப் போட்டுக்கொண்டே போவார். அம்மா பின்னால் இருந்து பதில் மட்டும் சொல்வாள். என்னை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுடரைப் பார்த்தாலும் எனக்குக் கனவு வரவில்லை; வெறும் மெழுகுதான் தெரிந்தது.

சனிக்கிழமை காலை நான் உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலில் மீன்கார அம்மாளின் குரல். "பொண்ணு மூஞ்சி ஏன் இப்டி கீது?"

அம்மா விஷயத்தைச் சொன்னாள்.

"ஊட்டுக்காரராண்ட சொன்னியா?"

"மாதாகிட்ட சொல்லிட்டேன்."

"நல்லா சொன்ன போ. மாதாவா வந்து ஓலைய நிறுத்தப் போவுது?" என்று சிரித்துக்கொண்டே கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள். அம்மா சிரிக்கவில்லை. மீனைச் சட்டியில் போட்டு, கழுவாமல் வெகுநேரம் ஜன்னலிலேயே நின்றாள்.

அன்று சாயங்காலம் அப்பா நாலாம் பத்தை முடித்து ஐந்தாம் பத்துக்கு மூச்சு எடுத்தார். அப்போது அம்மா எழுந்து நின்றாள். ஜெபத்தின் நடுவில் யாரும் எழமாட்டார்கள். மயக்கம் வந்தால்தான் உண்டு. நான் பதறிக்கொண்டு அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்காலில் இருந்த அப்பாவைக் குனிந்து பார்த்துச் சொன்னாள்: "ஏங்க, நாளைக்கு ஓலை வாசிக்க வேணாம். அவ பரீட்ச எழுதட்டும். ஈஸ்டர் முடிஞ்சு கல்யாணம் வெச்சுக்கலாம்."

அப்பா ஜெபமாலையைக் கையில் சுருட்டிப் பிடித்தார். "இது யாரு சொல்றது? மாதாவா, அர்ச்சிஷ்டவங்களா?"

"இல்லீங்க. நான்தான் சொல்றேன்."

வகுப்பில் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்த அத்தனை பெண்களும் அந்தக் கூடத்தில் முக்காட்டோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதாக எனக்குத் தோன்றியது. அம்மா உட்காரவில்லை. அப்பா ஜெபமாலையைப் படத்தின் ஆணியில் மாட்டிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். எங்கே போகிறார் என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. திரும்பி வந்ததும் சாப்பிட்டார், படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் பிரசங்கம் முடிந்து சாமியார் ஓலை வாசிக்க ஆரம்பித்தார். ஆண்கள் பக்கம் அப்பா நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு ஜோடி, இன்னொரு ஜோடி, அப்புறம் யாரோ ஒரு விதவைக்கும் ஈக்காட்டுத்தாங்கல்காரர் ஒருவருக்கும். காகிதத்தை மடித்துவிட்டு சாமியார் பீடத்துக்குத் திரும்பினார். எங்கள் பெயர் வரவில்லை. அம்மா முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள். அழுதாளா என்று தெரியாது. நான் அழுதேன்.

பரீட்சை எழுதினேன். ஈஸ்டர் முடிந்து கல்யாணமும் ஆயிற்று. பிள்ளை வீட்டாருக்கு அப்பா என்ன சொல்லிச் சமாளித்தார் என்பதை எங்களுக்குச் சொல்லவேயில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. மணி அடித்ததும் பாயை விரித்தோம். அப்பா ஆணியிலிருந்து ஜெபமாலையை எடுத்து, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து, அம்மாவிடம் நீட்டினார். "நீயே சொல்லு. கருத்தையும் நீயே சொல்லு" என்றார். அம்மா வாங்கிக்கொண்டாள். முதல் மணியைப் பிடித்தபடி வெகுநேரம் யோசித்தாள். தங்கை அதற்குள் தூங்கி என் தோளில் சாய்ந்துவிட்டாள்.

"கருத்து ஒண்ணும் இல்ல" என்றாள் அம்மா. "இன்னிக்கு சும்மா சொல்லுவோம்."

சொன்னோம். அவள் குரல் நான் அதுவரை கேட்டிராத மாதிரி தணிந்து, மெதுவாக, யாருக்கும் கேட்க வேண்டும் என்ற அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் மாதாவின் பேரைச் சொல்லி அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தவள், அன்றைக்குத்தான் மாதாவோடு பேசினாள்.