நேரியலுக்காகச் சாய்ந்த படகு

சென்ற வாரம் கன்னியாகுமரிப் படகில் நிகழ்ந்தது இப்போது ஊருக்குள் மூன்று வடிவங்களில் உலவுகிறது. ஒன்றில் படகு கவிழ்ந்தேவிட்டது! மற்றொன்றில் எங்கள் பொருளாளர் கடலில் விழுந்து நீந்திக் கரை சேர்ந்தார். மூன்றாவதை எழுத என் பேனா கூசுகிறது. ஆகவே, உடனிருந்தவன் என்ற முறையில் உள்ளதை உள்ளபடி எழுதிவைப்பது கடமையாகிறது.

பாறைக்குச் செல்லும் படகுகளுக்குப் பயணிகள் வரிசையில் நிற்கிறார்கள். பயிற்சி பெற்ற பணியாளர்தாம் போதவில்லை. இக்குறையைச் சிறிதேனும் தீர்க்க, எங்கள் வாசகர் வட்டம் படகுப் பணிப் பயிற்சிக்கு ஆண்டுதோறும் ஒருவருக்கு உதவித்தொகை வழங்குகிறது. அதற்கான நேர்காணல் படகுத்துறைக்கு அருகே ஓர் அறையில் நடந்தது.

வந்தவர்களுள் ஒருத்தி ஆன்சி. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரைப் பெண். பயிற்சி நிலையத்தில் இடம் கிடைத்துவிட்டது. அன்று மாலைக்குள் கட்டணத்துக்கு உறுதி சொல்லாவிட்டால் இடம் போய்விடும். பிறகு? பழையபடி முந்திரி ஆலைதான்.

“பயணி ஒருவர் கடலில் தவறி விழுந்தால், அம்மா, நீ முதற்கண் ஆற்றும் பணி யாது?” என்று வினவினேன்.

“குதிச்சிருவேன், சார்.”

“அதற்கு முன்?”

“முன்ன என்னத்தச் செய்ய? எங்க ஊர்ல ஒரு ஆளு விழுந்தா, அடுத்த ஆளு தண்ணியில கெடப்பான். யோசிச்சிட்டா இருப்பாவ?”

பொருளாளர் தாணு அண்ணாச்சி மேசையைத் தட்டினார். இரணியலில் அரிசி வணிகம் செய்பவர். நீரோடு அவருக்குள்ள உறவு குளியலறையோடு முடிவது.

“கேட்டேரா வேய்? இந்தப் பிள்ளைக்கு எதுக்குப் பயிற்சி? எல்லாந் தெரிஞ்சவளாக்கும்! குடுக்கதுன்னா கடலக் காணாத ஒருத்தனுக்குக் குடுப்போம்.”

ஆன்சி எங்கள் முகங்களை மாறிமாறிப் பார்த்தாள். “நல்லாச் சொன்னா தருவியன்னு நெனச்சு வந்தேன், ஐயா. நல்லாச் சொன்னதுனாலயே தரமாட்டியளா?”

எங்கள் குழுவில் வழக்கு முற்றியது. இறுதியில் அண்ணாச்சியே தீர்வு சொன்னார்: “வாங்க, படகுல ஏறுவோம். பிள்ளைக்கக் கடலறிவ நீங்களே கண்ணால பாருங்க!”

ஏறினோம். யாவரும் உயிர்காப்புச் சட்டை அணிந்து அமர, அண்ணாச்சி மட்டும் காற்று வாங்க வேண்டுமென்று நின்றார். தோளில் கரை போட்ட புது நேரியல். காற்றை அவர் வாங்கினார்; நேரியலைக் காற்று வாங்கிக்கொண்டது.

“ஐயோ, போச்சே!” என்று அவர் அலறினார்.

“ஆளு விழுந்தாச்சு!” என்றது எங்கிருந்தோ ஒரு குரல்.

அவ்வளவுதான்… படகிலிருந்த அனைவரும் கைப்பேசியை உயர்த்தியபடி ஒரே பக்கம் பாய்ந்தனர். தமிழறிஞர் ஒருவரும் பாய்ந்தார் — வேறு யார், நான்தான். படகு சாய்ந்தது. தண்ணீர் அருகில் வந்து எங்களைப் பார்த்தது.

ஆன்சி அதற்குள் கம்பியில் ஒரு கால் வைத்துக் குதிக்க ஆயத்தமாகிவிட்டாள். அந்நிலையில் ஒருமுறை பின்னால் திரும்பினாள். அவளுக்குப் பின்னே முழுப் படகும் நின்றது. காலை இறக்கினாள்.

“ஆளு இல்ல, துணியாக்கும்! இடத்துல போய் உக்காருங்க! ஏலே, போன உள்ள வை! சார்… நீங்களுந்தான்!”

அமர்ந்தோம். படகு நிமிர்ந்தது. எங்கள் மூச்சும் திரும்பியது. ஆன்சி அண்ணாச்சியிடம் வந்தாள்.

“நான் குதிச்சிருந்தா, பாக்கணும்னு எல்லாரும் இன்னும் இந்தப் பக்கமே நெருக்கியிருப்பாவ, படகு கவுந்திருக்கும். எங்க வள்ளத்துல உள்ளது நாலு பேரு. யாரு எங்க இருக்கணும்னு நாலு பேருக்கும் தெரியும். இவ்வளவு பேர அடக்கி இருத்த எனக்குத் தெரியாது, ஐயா.”

அண்ணாச்சி வெறுந்தோளைத் தடவிக்கொண்டார். “அப்போ, உனக்குத் தெரியாததும் உண்டு?”

“உண்டு, ஐயா.”

“நல்லாத் தெரியாதா?”

“சத்தியமாத் தெரியாது.”

“இத அங்கேயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா, மக்கா! ஒரு நேரியல் மிஞ்சியிருக்கும்.”

கரை சேருமுன்பே பயிற்சி நிலையத்துக்கு அவர் அலைபேசியில் உறுதி சொல்லிவிட்டார்.

நேர்காணல் என்றாலே தெரிந்ததை அளப்பதென்று இத்தனை காலம் எண்ணியிருந்தேன். பயிற்சிக்கு ஆள் தேடுவோர் தெரியாததையல்லவா கேட்க வேண்டும்? அடுத்த ஆண்டுக்கான முதல் வினாவை மாற்றியிருக்கிறோம்.

நிற்க. அன்று அப்படகில் பயணம் செய்த வாசகர்கள் இக்கட்டுரையில் பிழை காணின் அன்புகூர்ந்து திருத்துக. குறிப்பாக, நேரியலைக் காண முதலில் ஓடியவன் இக்கட்டுரையாளனே என்று அண்ணாச்சி சாதிக்கிறார், நான் மறுக்கிறேன். காணொளி வைத்திருப்போர் எனக்கு அனுப்பலாம் — தயவுசெய்து எனக்கு மட்டும்.