சூளை ஆறும் நேரம்

என் மனைவி உடைந்த கண்ணாடி சேர்த்தாள். கடலூர் ஓல்டு டவுன் சோடாக் கடையிலிருந்து பச்சைச் சில்லுகள், மருந்துக் கடைகளிலிருந்து நீல பாட்டில், பழுப்பு பாட்டில். கழுவி, நிறம் பிரித்து, கோணிப்பையில் கட்டி, சனிக்கிழமை பாசஞ்சரில் சிதம்பரம் கொண்டுபோவாள். அங்கே அவளுடைய அத்தை மகன் சிறிய பீங்கான் சூளை ஒன்று வைத்திருந்தார். ஊர் ஊராகக் கரண்டு வந்துகொண்டிருந்த அறுபதுகள் அவை. அவர் ஃப்யூஸ் கட்டை சுட்டார். சூளை காலியாக இருந்த நாட்களில் அவளுக்குக் கொடுத்தார்.

மண் அச்சில் வெள்ளைக் களிமண் தூளைத் தூவி, அதன்மேல் சில்லுகளை நெருக்கி அடுக்கி உள்ளே வைப்பார்கள். சூடு ஏற ஏற கண்ணாடி இளகி, கூர் மழுங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இலை வடிவத்தில் வெற்றிலைத் தட்டு, சோப்புக் கிண்ணம், ஜன்னலில் தொங்கவிடும் மீன். கோயில் பக்கத்தில் ஒரு கடைக்காரர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

எனக்குக் கொடுப்பதற்கு முன் அவளை அவருக்குத்தான் கேட்டிருந்தார்கள். ஜாதகம் பொருந்தவில்லை. அதற்குப் பிறகு அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இதை யாரும் என்னிடம் மறைக்கவில்லை. எங்கள் கல்யாணத்தில் என் இலைக்குச் சாம்பார் ஊற்றியவரே அவர்தான். அவரை அவள் மாமா என்று கூப்பிடுவாள். என்னை ‘ஏங்க’. முறைப்படி நான் அவரை அண்ணே என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டேன்.

நான் அப்போது ஒரு தினசரிக்குக் கடலூர் நிருபர். நேரில் பார்க்காததை எழுதக் கூடாது என்று எங்கள் ஆசிரியர் சொல்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல், நானும் சிதம்பரம் போனேன்.

சுவருக்கு வெளியிலேயே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அது என் மனைவியுடையது என்று புரியச் சற்று நேரம் பிடித்தது. வீட்டில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பவள்.

உள்ளே ஆளுக்கொரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தை பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சேத்தியாத்தோப்பில் ஒரு மாமியார், மருமகள் கரண்டை வீணாக்குகிறாள் என்று ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு தூங்கிய கதையை அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அந்தக் கட்டை நம்ம சூளைல வெந்ததுதான்” என்றார். அவள் மறுபடியும் சிரித்தாள். பிறகுதான் என்னைப் பார்த்தார்கள்.

“வாங்க தம்பி. உக்காருங்க. தீயை நிறுத்தி வாயை அடைச்சாச்சி. இனிமே வேலையே இல்ல, காத்துக்கிட்டு கெடக்கறதுதான்.”

“தெறந்தா என்னாண்ணே?”

“காத்து பட்டா வெடிச்சிடும். நாளைக்குக் காலைலதான்.” புறங்கையைச் செங்கல்லில் வைத்துப் பார்த்தார். “இன்னும் சூடு ஜாஸ்தி.”

அதுவரை நான் நெருப்பைத்தான் நினைத்துக் குமைந்திருந்தேன். நெருப்பு பாதி நாள் வேலை. மிச்சமெல்லாம் இந்த உட்கார்ந்திருத்தல்.

சுவரோரம் ஒரு பச்சைத் தட்டு இரண்டாகக் கிடந்தது. அழகுக்காக அவள் சிவப்பு வளையல் துண்டுகளைச் சேர்த்திருந்தாள். அந்த வரிசையிலேயே விரிசல் ஓடியிருந்தது.

“சோடா பாட்டில் வேற, வளையல் வேற” என்று அவளுக்கு விளக்கினார். “சூட்டுல ஒட்டிக்கிட்ட மாதிரிதான் இருக்கும். ஆறும்போதுதான் ஒத்துப்போகலன்னு தெரியும்.”

என்னைப் பார்த்து அவர் அதைச் சொல்லவில்லை. நான் அதைக் கேட்ட விதம் வேறு.

மறுநாள் நாங்கள் புறப்படும்போது அவர் சொன்னார்: “கடைக்காரரு மார்கழி தரிசனத்துக்கு நெறைய கேக்கறாரு. அதுவரைக்கும் இங்கியே தங்கட்டுமே தம்பி. அம்மாவும் இருக்காங்க.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். தங்க ஆசை என்பது தெரிந்தது.

“நம்ம தோட்டத்துலயே ஒரு சூளை கட்டிக்கலாம்” என்றேன்.

“யாரு கட்டுவாங்க?” என்று கேட்டாள். பதில் எங்கள் மூவருக்கும் தெரியும்.

செங்கல்லோடு அவரே வந்தார். கட்டி முடியும்வரை எங்கள் வீட்டில் தங்கினார். அந்த நாட்களில் குழம்பில் புளி குறைந்தது. யாருடைய நாக்குக்காக என்று நான் கேட்கவில்லை. சூளை நன்றாக அமைந்தது. குறை கண்டுபிடிக்க அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கிடைக்கவில்லை.

அவர் ஊருக்குப் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் சூளை போட்டோம். நண்பகலில் வாயை மண் குழைத்து அடைத்தோம். கவிழ்த்த பெட்டிகளில் உட்கார்ந்தோம். இந்த மதியத்துக்காகத்தான் அவ்வளவும். நான் பேப்பரை விரித்தேன்.

“மாமா இருந்தா இந்நேரம் எதுனா சொல்லிக்கிட்டிருப்பாரு” என்றாள்.

பேப்பரை மடித்தேன். கம்மாபுரம் பக்கத்தில் நான் போயிருந்த ஒரு பள்ளிக்கூடத் திறப்பு விழாவைச் சொன்னேன். தலைவருக்கு வைத்திருந்த மாலையை மாடு தின்றுவிட்டது. மிச்சமிருந்த வாழைநாரையே அவர் கழுத்தில் போட்டார்கள். அவரும் கும்பிட்டு ஏற்றுக்கொண்டார்.

“நெசமாவா? பேப்பர்ல வரலியே.”

“எழுதல.”

“ஏன்?”

“அதெல்லாம் நியூஸ் இல்ல.”

அவள் சிரித்தாள். வாயைப் பொத்தவில்லை. சிதம்பரத்தில் சுவருக்கு வெளியே நின்று நான் கேட்ட அதே சிரிப்பு. இப்போது நான் சுவருக்கு உள்ளே இருந்தேன்.

சிரிப்பு அடங்கியதும் எழுந்து புறங்கையைச் சூளையில் வைத்துப் பார்த்தாள்.

“இன்னும் சூடு ஜாஸ்தி” என்றாள். திரும்பி வந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இந்த மாட்டுக் கதைய மாமாகிட்ட சொல்லணும்.”

அதைவிட நல்ல கதை இன்னொன்று என்னிடம் இருந்தது. நான் சொல்லவில்லை.